முப்பத்து நான்கு பக்கங்கள்

என்ன வேலை என்று கேட்பவர்களிடம் நூலகத்தில் இருக்கிறேன் என்றுதான் சொல்லி வந்தேன். அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. பெங்களூரின் கிழக்குப் பக்கம் இருந்த ஓர் அரசு ஆய்வுக்கூடத்தில், விமானங்களைப் பற்றிய ரகசிய அறிக்கைகளைப் பாதுகாக்கும் பிரிவில் நான் உதவியாளர். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. இரும்புக் கதவுக்கு இரண்டு பூட்டுகள். இரண்டுக்கும் சாவி என்னிடமும் பிரிவுத் தலைவரிடமும் மட்டும் இருக்கும். வரும் அறிக்கைகளின் பக்கங்களை எண்ணிச் சரிபார்த்து, ரசீதில் கையெழுத்துப் போட்டு, அலமாரியில் வைப்பேன். எம்.எஸ்.சி. படித்துவிட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருக்கிறாயா என்று என் அண்ணன் ஒருமுறை கேட்டான். பெரும்பாலும் அதைத்தான் செய்தேன்.

1991-இல் தேர்வாகி, அடுத்த வருடம்தான் சேர முடிந்தது. இடையில் எட்டு மாதங்கள் போலீஸ் விசாரணை. ஒக்கலிபுரத்தில் எங்கள் வீடு. அப்பா ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் மாடிப் பகுதியில் இரண்டு வருடங்களுக்கு முன்னால் இலங்கையிலிருந்து வந்த ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்து, பிறகு கனடாவுக்குப் போய்விட்டது. அந்த வருடம் மே மாதம் முன்னாள் பிரதமர் கொல்லப்பட்ட பிறகு அப்படிப்பட்ட விஷயங்கள் சாதாரண விஷயங்களாக இல்லை. விசாரணைக்காரர் நான்கு முறை வந்தார். வாடகை ரசீதுகளைக் கேட்டார், அவர்கள் எழுதிய கடிதங்கள் இருக்கின்றனவா என்று கேட்டார். கடைசியில் பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மாவிடம் போய் என்னைப் பற்றி விசாரித்திருக்கிறார். அந்த அம்மா, “நம்ம ஹுடுகி, நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி, சின்ன வயசிலிருந்து பாக்கறேன்” என்று சொன்னதாகப் பிறகு தெரிந்தது. ஒரு அரசாங்கம் என்னை நம்புவதற்கு அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்ததா அல்லது கோப்பு மூட வேண்டிய நாள் வந்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது. வேலை கிடைத்தது.

எங்கள் ஆய்வுக்கூடத்துக்கும் ஒரு வெளிநாட்டின் ஆய்வுக்கூடத்துக்கும் அப்போது ஓர் ஒப்பந்தம் இருந்தது. காகிதங்களில் அது நட்பு நாடு. இரண்டு பக்கமும் தங்கள் சோதனை முடிவுகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் எல்லாவற்றையும் அல்ல. அவர்களிடமிருந்து வரும் ஒவ்வொரு தொகுதியிலும் சில பக்கங்கள் உருவப்பட்டிருக்கும். அந்த இடத்தில் எண்ணில்லாத ஒரு பச்சைத் தாள் இருக்கும். இந்தப் பக்கங்கள் பெறுநருக்கு உரியவை அல்ல என்று அதில் அச்சிட்டிருக்கும்.

எங்கள் விஞ்ஞானிகளுக்கு அந்தப் பச்சைத் தாளைக் கண்டாலே எரிச்சல். அதிலும் ஒருவருக்கு மிகவும் அதிகம். அவர் கோலார் தங்கவயல்காரர். சுரங்கக் குடியிருப்பில் பிறந்து, உபகாரச் சம்பளத்தில் படித்து மேலே வந்தவர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். விமான இறக்கை எந்த வேகத்தில் நடுங்கத் தொடங்கும் என்பது அவருடைய ஆராய்ச்சி. அவருக்கு வேண்டிய விஷயம் தொடங்கும் இடத்தில் பச்சைத் தாள் வரும். அது முடியும்போது விஷயமும் முடிந்திருக்கும். வாசிப்பு மேஜையில் உட்கார்ந்து புரட்டிவிட்டு, இவங்க நமக்கு அட்டையை மட்டும் அனுப்பியிருக்கலாம், தபால் செலவாவது மிச்சம் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போவார்.

நாங்களும் அதையேதான் செய்தோம் என்று அவரிடம் நான் சொன்னதில்லை. எங்கள் அறிக்கைகள் அங்கே போகும் முன் பிரிவுத் தலைவர் பென்சிலில் குறித்துக் கொடுப்பார். நான் பிளேடால் அந்தப் பக்கங்களை அறுத்து எடுப்பேன். எங்கள் தாள் வெள்ளை நிறம்.

பிரிவுத் தலைவர் மைசூர்க்காரர். அதிகம் பேசாதவர். காலை ஒன்பதுக்கு வந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குவார். என்னிடம் கன்னடத்தில் பேசுவார், கோபம் வந்தால் ஆங்கிலத்தில். நான் கோபத்தை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன்.

நான் சேர்ந்து நாலைந்து வருடங்கள் ஆகியிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை அவர்களிடமிருந்து ஒரு பெட்டி வந்தது. மூன்று தொகுதிகள். மூன்றாவது தொகுதிக்குப் பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள் என்று போட்டிருந்தது. நான் எண்ணியபோது இருநூற்று நாற்பத்தாறு வந்தது. தவறாக எண்ணிவிட்டேன் என்று மறுபடி எண்ணினேன். மூன்றாவது முறை பக்க எண்களைப் பார்த்துக்கொண்டே போனேன். பட்டியலில் விடுபட்டவை என்று குறித்திருந்த நூற்று நாற்பத்தொன்றிலிருந்து நூற்று எழுபத்து நான்கு வரையிலான பக்கங்கள் அப்படியே இருந்தன. பச்சைத் தாள் இல்லை. உருவ மறந்திருக்கிறார்கள்.

தொகுதியைத் தலைவரிடம் கொண்டுபோனேன். அவர் எண்ணவில்லை. நேராக நூற்று நாற்பத்தொன்றைத் திறந்து பார்த்தார். கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு போனில் கோலார்க்காரரை வரச் சொன்னார்.

அவர் நின்றபடியே படித்தார். பத்து நிமிடங்களுக்கு மேல் இருக்கும். ஒரு வரைபடத்தின்மேல் விரலை வைத்தவர் எடுக்கவில்லை.

“ரெண்டு வருஷமா நான் தேடிட்டிருக்கிறது இதுதான் சார்,” என்றார் ஆங்கிலத்தில். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், “மேடம், ரசீது அனுப்பிட்டீங்களா?” என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

அந்த ரசீதுதான் விஷயம். அதில் எத்தனை பக்கங்கள் வந்து சேர்ந்தன என்று எழுதி, நான் கையெழுத்திட்டு, தலைவர் மேலொப்பமிட்டு, ஒரு பிரதி அந்த நாட்டுக்குப் போகும். பட்டியலில் உள்ள எண்ணை அப்படியே எழுதினால் அவர்களுக்கு எதுவும் தெரியப்போவதில்லை. உண்மையான எண்ணை எழுதினால் அடுத்த தபாலிலேயே தொகுதியைத் திருப்பி அனுப்பச் சொல்வார்கள்.

தலைவர் எனக்கு உத்தரவு எதுவும் போடவில்லை. அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை எழுதினால் போதும், அவசரமில்லை என்றார். பட்டியலில் இருக்கிற எண்ணை எழுதுவதும் தப்பு என்று சொல்ல முடியாது, அனுப்பியவர்களே எழுதியது அது என்றார். தொகுதியைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

சனிக்கிழமை சிவாஜிநகருக்குத் துணி வாங்கப் போனேன். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கடைக்காரர் விரித்துப் போட்ட துணிகளை அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எதுவும் மனதில் பதியவில்லை. நாட்டுக்கு எது நல்லது என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. முதலில் தோன்றியது பயம்தான். வேண்டுமென்றே பக்கங்களை விட்டு வைத்து, என்ன செய்கிறோம் என்று பார்க்கிறார்களோ என்ற பயம். அதற்குப் பிறகு, அங்கே பச்சைத் தாள் வைக்க மறந்த ஆள் யாராக இருக்கும் என்று நினைத்தேன். என்னைப் போல ஒரு ஜன்னலில்லாத அறையில் பிளேடு வைத்துக்கொண்டிருக்கும் ஒருத்தி. இன்னொன்றும் தோன்றியது. அதுவரை நான் போட்ட நூற்றுக்கணக்கான கையெழுத்துகள் ஒவ்வொன்றும் எண்ணிப் பார்த்துப் போட்டவை. ஒன்றை எண்ணாமல் போட்டால் மற்றவையும் எண்ணாமல் போட்டவையாகிவிடும். வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை இருநூற்று நாற்பத்தாறு என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தலைவரின் மேஜையில் வைத்தேன். அவர் அதை எடுத்துப் பார்த்தார். ஆங்கிலத்தில் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“ஆய்த்தம்மா,” என்றார் கன்னடத்திலேயே, சரி ஆகட்டும் என்பதுபோல. மேலொப்பமிட்டார். அன்றைய தபாலிலேயே போனது.

அந்த வாரக் கடைசியில் ஜெராக்ஸ் மெஷினின் கணக்கை எழுத வேண்டியிருந்தது. எங்கள் பிரிவுக்கென்று தனி மெஷின். ஒவ்வொரு பிரதிக்கும் மீட்டர் ஓடும். வெள்ளிக்கிழமை மாலை நான் குறித்த எண்ணுக்கும் திங்கட்கிழமை காலை இருந்த எண்ணுக்கும் இடையில் யாரும் பதிவேட்டில் எழுதவில்லை. ஆனால் மீட்டர் முப்பத்து நான்கு கூடியிருந்தது. நான் அதைச் சோதனைப் பிரதிகள் என்று பதிவேட்டில் எழுதினேன்.

இதில் என் மனநிலை என்ன என்று கேட்டால் சொல்வது கடினம். ரசீதில் பொய் எழுத மாட்டேன் என்று இரண்டு நாள் தூங்காமல் இருந்தவள், ஜெராக்ஸ் பதிவேட்டில் ஒரு நொடியில் எழுதிவிட்டேன். அது வீட்டுக்குள் இருக்கும் கணக்கு என்று நினைத்தேன்போல. தலைவரிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அந்தத் தொகுதியைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது, அனுப்பினோம். கோலார்க்காரர் ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை. வாசிப்பு மேஜைக்கு வருவார், சீட்டில் கையெழுத்துப் போடுவார், போவார்.

அடுத்த வருடம் அந்த நாட்டிலிருந்து ஒரு குழு வந்தது. ஆவணங்களைச் சரிபார்க்க அவர்களோடு ஒரு பெண்மணியும் வந்திருந்தார். அறுபதை நெருங்கியவர், கால் வீக்கத்துக்காகக் கேன்வாஸ் ஷூ போட்டிருந்தார். அவர்கள் பக்கத்தில் என் தலைவருக்கு இணையான பதவி. ஒரு முழு நாள் என்னோடு அந்த அறையில் உட்கார்ந்து எல்லாத் தொகுதிகளையும் எண்ணினார். நான் எண்ணுவதை அவரும், அவர் எண்ணுவதை நானும் சரிபார்த்தோம். மத்தியானம் நான் கொண்டுபோன எலுமிச்சை சாதத்தில் பாதியைச் சாப்பிட்டார்.

மாலையில் பேனாவை மூடிவிட்டு, அந்த மூன்றாவது தொகுதியைப் பற்றிப் பேசினார். பக்கங்களை உருவ மறந்தது அவருக்குக் கீழே வேலை பார்த்த ஒரு பெண். ரசீது அவ்வளவு சீக்கிரம், அவ்வளவு சரியாக வந்ததால் அதைக் கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்களாம். இல்லாவிட்டால் கசிவு என்று எழுதியிருப்பார்கள், அந்தப் பெண்ணுக்கு வேலை போயிருக்கும், ஒருவேளை வழக்கும் நடந்திருக்கும். நீங்கள் அதை வைத்துக்கொண்டிருக்க முடியும், ஆனால் வைத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றடி தூரத்தில் ஜெராக்ஸ் மெஷின் உறை போட்டு நின்றிருந்தது. நான் என் வேலையைத்தான் செய்தேன் என்று சொன்னேன். தலைவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்று அவர் வழக்கத்தைவிட முன்னதாக வீட்டுக்குப் போனார்.

அதன் பிறகு வந்த தொகுதிகளில் பச்சைத் தாள்கள் குறைந்தன. அந்த முப்பத்து நான்கு பக்கங்கள் இருந்த தொகுதியே முழுதாக, முறைப்படி, எங்கள் பெயர் போட்டு வந்தது. கோலார்க்காரர் அதை வாங்கும்போது சிரித்தார். “நீங்க கெடுத்தீங்கன்னு நினைச்சேன் மேடம். நீங்கதான் வாங்கிக் குடுத்திருக்கீங்க,” என்றார். எங்கள் வெள்ளைத் தாள்களும் குறைந்தன. தலைவர் பென்சிலை எடுத்து யோசித்துவிட்டு, போகட்டும், அவர்களும் பார்க்கட்டும் என்று வைத்துவிடுவார். இரண்டு வருடங்களுக்கும் குறைவான காலம்தான். ஆனால் அந்தக் காலத்தில் இரண்டு பக்கத்து ஆட்களும் போனில் ஒருவரையொருவர் முதல் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு வந்திருந்தார்கள். கோலார்க்காரரையும் இன்னும் சிலரையும் அங்கேயே போய்ச் சேர்ந்து வேலை செய்ய அனுப்பினார்கள்.

1998 தொடக்கத்தில் தலைவர் ஓய்வு பெற்றார். கடைசி நாளன்று ஒட்டி அரக்கு வைத்த ஒரு பழுப்பு உறையை என்னிடம் கொடுத்து, காகிதம் கிழிக்கும் மெஷினில் போட்டுவிடும்படி சொன்னார். என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. கையில் வாங்கியபோதே தெரிந்தது. பல வருடங்களாகத் தாள்களை எண்ணிய கைக்குக் கனத்தைப் பார்த்தே எண்ணிக்கை தெரிந்துவிடும். மாலை வரை அது என் மேஜை இழுப்பறையில் இருந்தது. பிறகு அவர் நின்று பார்த்தார், நான் கிழித்தேன். கைக்கடிகாரத்தை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அந்த மே மாதம் ராஜஸ்தானில் அணுகுண்டுச் சோதனை நடந்தது. எங்களுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மற்றவர்களைப் போலவே செய்தியில்தான் கேட்டோம். கேன்டீனில் லட்டு கொடுத்தார்கள். சில வாரங்களில் அந்த நாட்டிலிருந்து நான்கு வரிக் கடிதம் வந்தது. ஒப்பந்தம் நிறுத்தி வைக்கப்படுகிறது. அனுப்பிய தொகுதிகள் அனைத்தையும், அவற்றிலிருந்து எடுத்த குறிப்புகளோடு, திருப்பி அனுப்ப வேண்டும். கீழே இருந்தது அந்தக் கேன்வாஸ் ஷூ பெண்மணியின் கையெழுத்து. நலம் விசாரிக்கும் வழக்கமான வரி அதில் இல்லை.

அங்கே வேலை செய்துகொண்டிருந்த எங்கள் ஆட்களுக்கு இரண்டு நாள் அவகாசம் கொடுத்தார்கள். துணிமணிகளை எடுத்துக்கொள்ளலாம். எழுதி வைத்த நோட்டுகள், கணக்குகள், வரைபடங்கள் எதையும் எடுக்கக் கூடாது.

நான் தொகுதிகளைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தபோது கோலார்க்காரர் வந்தார். இளைத்திருந்தார். முன்தினம்தான் ஊர் திரும்பியதாகச் சொன்னார். அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தார்.

“எல்லாம் போவுதா?”

“எல்லாம்தான் சார்.”

“அந்த முப்பத்து நாலு பக்கம்? பெரியவர் ஒரு காப்பி எடுத்தாருன்னு பின்னாடி எனக்குத் தெரிஞ்சுது. அதாவது இருக்குதா?”

“இல்ல சார். கிழிச்சாச்சு,” என்றேன்.

யார் கிழித்தது என்று அவர் கேட்கவில்லை. தலைவர்தான் கிழித்திருப்பார் என்று எடுத்துக்கொண்டார். அவரைப் பற்றிக் கடுமையாக ஒரு வார்த்தை சொன்னார். நான் திருத்தவில்லை. அது என் கோழைத்தனம் என்று இப்போது சொல்ல முடிகிறது.

அறுபத்தொரு தொகுதிகளை அனுப்பினோம். அவர்களும் எங்களுடையதைத் திருப்பி அனுப்பினார்கள். பக்கங்கள் சரியாக இருந்தன. கோலார்க்காரரின் குழு தொடக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தது. அந்த நடுக்கம் தொடங்கும் வேகத்தைத் தாங்களாகவே கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆனது. கண்டுபிடித்தார்கள். அதற்கு அடுத்த வருடம் அவர் வேலையை விட்டுவிட்டு, பொம்மசந்திராவில் இயந்திர பாகங்கள் செய்யும் ஒரு தனியார் கம்பெனிக்குப் போனார்.

மூன்று நான்கு வருடங்கள் கழித்து, சிவாஜிநகர் பஸ் நிலையத்தில் அவரைத் தற்செயலாகப் பார்த்தேன். என் மகளுக்கு யூனிபார்ம் துணி எடுத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன். அவர் கறி வாங்கிய பையோடு நின்றிருந்தார். பக்கத்துக் கடையில் டீ குடித்தோம். மறுபடி அந்த நாட்டோடு பேச்சுவார்த்தை நடக்கிறது, புது ஒப்பந்தம் வரும் போலிருக்கிறது என்று நான் பொதுவாகச் சொன்னேன். அவர் தலையசைத்தார். பழைய தலைவர் அந்த வருடம் மைசூரில் இறந்துபோயிருந்தார். அந்தச் செய்தி அவருக்கும் தெரிந்திருந்தது.

“பாவம், அந்தாளைத் திட்டினேன்,” என்றார்.

அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “அதைக் கிழிச்சது நான்தான் சார். உள்ளே என்ன இருக்குதுன்னு தெரிஞ்சேதான் கிழிச்சேன். வேற ஏதாவது பேப்பரைப் போட்டுட்டு அதை எடுத்து வெச்சிருக்கலாம். தோணுச்சு. செய்யல.”

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். முகம் மாறியது. ஒன்றரை வருட உழைப்பை மனதில் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார் என்று தோன்றியது. ஏதாவது சொல்லிவிட்டுப் போய்விடுவார் என்றே நினைத்தேன்.

“ஏன் செய்யல?” என்றார்.

அந்தப் பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதைச் சொன்னேன். அவர் சொன்னது அரைகுறையாகத்தான் உண்மை, அது முழு உண்மையாகட்டும் என்று தோன்றியது என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னக் காரணம் என்று எனக்குத் தெரிந்தது.

அவர் கறிப்பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“அங்கே எனக்குப் பக்கத்து டேபிள்ல ஒருத்தன் இருந்தான். அந்த ஊர்க்காரன்தான். கடைசி நாளைக்கு, என் நோட்டை ஜெராக்ஸ் பண்ணி வீட்டு அட்ரஸுக்கு அனுப்பிடறேன்னான். அவனாத்தான் சொன்னான். நான் வேணாம்னுட்டேன்.”

“ஏன் சார்?”

“மாட்டியிருந்தான்னா ஜெயில்தான் மேடம். ரெண்டு சின்னப் பசங்க அவனுக்கு.” டீக்குக் காசு கொடுத்துவிட்டு, “இதை நான் எங்க குரூப்ல யார்கிட்டயும் சொல்லல. சொன்னா என்னை அடிச்சிருப்பாங்க,” என்றார்.

அவர் போக வேண்டிய பஸ் வந்தது. ஓடிப் போய் ஏறினார், கறிப்பையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு. அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. புது ஒப்பந்தம் அடுத்த வருடம் கையெழுத்தானது. முதல் பெட்டி வந்தபோது நான் வேறு பிரிவுக்கு மாறியிருந்தேன். அதில் எத்தனை பக்கங்கள் இருந்தன என்று யாரையும் கேட்கவில்லை.